புற்றுநோய்க்கு மூலிகை: விற்பவரின் பொறுப்பு என்ன?

கடை வைத்திருக்கும் எவருக்கும் இது தெரிந்த விடயம். அரிசியில் வண்டு விழுந்தால் மூடையைத் திருப்பி எடுக்கிறோம். புடவை முதல் கழுவலிலேயே சாயம் விட்டால் வேறொன்று கொடுக்கிறோம். மின்விசிறி ஓடாவிட்டால் உத்தரவாத அட்டையைப் பார்த்து மாற்றிக் கொடுக்கிறோம். நட்டம் வந்தாலும் கணக்கில் எழுதிச் சமாளித்து விடலாம். ஆனால் திருப்பி எடுக்கவே முடியாத ஒரு சரக்கும் சில காலமாக நமது கடைகளின் தட்டுகளில் ஏறியிருக்கிறது. புற்றுநோயைச் சுகப்படுத்தும் என்று சொல்லி விற்கப்படும் எண்ணெய், தூள், பாணி, வில்லை, தேயிலை போன்றவைதான் அவை.

இவற்றை விற்பவர்கள் நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் மட்டுமல்லர். பலசரக்குக் கடை, பேரீச்சம்பழமும் அத்தரும் விற்கும் கடை, பாமசி, தொலைபேசியில் ஓடர் எடுத்து வீட்டுக்கு அனுப்பும் இளைஞர்கள் எனப் பலரும் விற்கிறார்கள். போத்தலின் மீது அச்சிட்டிருப்பது ஒன்று, வாயால் சொல்வது வேறொன்று. லேபலில் "ஆரோக்கியத்துக்கு உகந்தது" என்றிருக்கும். வாடிக்கையாளரிடம் "கென்சருக்கு நல்லது, எத்தனையோ பேர் சுகமாகியிருக்கிறார்கள்" என்பார்கள். இந்த இரண்டாவது வசனத்தின் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார் என்பதை வர்த்தகக் கண்ணோட்டத்தில் பார்ப்பதே இந்த வாரக் கட்டுரையின் நோக்கம்.

மூலிகையை இகழ வேண்டியதில்லை

மூலிகை எல்லாம் ஏமாற்று என்று சொல்பவர் வரலாறு அறியாதவர். நமது வீட்டு முற்றங்களிலும் மையவாடி ஓரங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்திய கல்யாணியை எடுத்துக் கொள்ளுங்கள். பட்டிப்பூ என்றும் அதனைச் சொல்வார்கள். மடகஸ்கார் தீவுக்குரிய செடி அது. ஜமெய்க்காவில் அதன் இலையை நீரிழிவுக்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ரொபர்ட் நோபல், சார்ள்ஸ் பியர் என்ற இருவர் 1950களில் அதனை ஆராய்ந்தார்கள். நீரிழிவுக்கு அது பயன்படவில்லை. மாறாக, இரத்த வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள் கிடைத்தன. 1963 முதல் பாவனையில் இருக்கும் வின்கிறிஸ்டின், ஏனைய மருந்துகளோடு சேர்ந்து, பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயைச் சுகப்படுத்த இன்றும் உதவுகிறது. மஹரகமையில் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் உடலில் ஏறுவதும் இந்தப் பூவின் மருந்துதான்.

டக்சோல் என்ற மருந்தும் அப்படியே. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. 1962 இல் பட்டையைச் சேகரித்தார்கள். 1971 இல் அதற்குள் இருக்கும் பொருள் என்னவென்று கண்டறிந்தார்கள். சூலகப் புற்றுநோய்க்குப் பயன்படுத்த 1992 இல்தான் அனுமதி கிடைத்தது. பட்டையிலிருந்து மருந்தாக முப்பது ஆண்டுகள்!

அந்த முப்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதில்தான் விடயம் இருக்கிறது. பட்டையை இடித்துத் தூளாக்கிப் போத்தலில் அடைக்கவில்லை. வேலை செய்யும் பொருளை மட்டும் பிரித்தெடுத்தார்கள். எவ்வளவு கொடுத்தால் நோய் குறையும், எவ்வளவு கொடுத்தால் ஆள் இறப்பார் என்று அளந்தார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். வின்கிறிஸ்டின் ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. அந்த மருந்தை நாளத்தில் ஏற்ற வேண்டும். தவறுதலாக முள்ளந்தண்டில் ஏற்றினால் உயிரே போய்விடும். அப்படிப்பட்ட செடியின் இலையைக் கையளவு பறித்து அவித்துக் குடி என்று சொல்பவர் மருந்தும் அறியார், நஞ்சும் அறியார்.

நமது நாட்டிலும் ஆய்வு நடந்திருக்கிறது. கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிச் சக்கை மூன்றையும் சேர்த்து இங்குள்ள சுதேச வைத்தியப் பரம்பரை ஒன்று காய்ச்சிக் கொடுத்து வந்த கஷாயத்தை இலங்கை ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2003 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரசாயனத்தால் ஈரலில் புற்றுநோய் உண்டாகும் போக்கை அது குறைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வாளர்களே அதற்கு ஆரம்பகட்ட ஆய்வு என்றுதான் பெயரிட்டார்கள். எலியில் கண்டதை எலியில் கண்டதென்று சொல்வதே நேர்மை. அந்த நேர்மை ஆய்வுகூடத்தில் இருந்தது. கடைக்கு வந்து சேரும் வழியில்தான் அது எங்கோ தவறி விழுந்து விடுகிறது.

நமது தட்டில் இருக்கும் மூன்று சரக்குகள்

முதலாவது கருஞ்சீரகம். அதன் சிறப்புப் பற்றி நபிமொழி இருக்கிறது, நாம் அதனை மதிக்கிறோம். ஆனால் எந்தக் கம்பனியின் எண்ணெய்ப் போத்தலுக்கும் அது கொடுக்கப்பட்ட தரச் சான்றிதழ் ஆகாது. நபி (ஸல்) அவர்கள் நோய்க்கு மருத்துவம் செய்து கொள்ளுமாறும் சொல்லியிருக்கிறார்கள். கருஞ்சீரகத்தில் உள்ள தைமோகுவினோன் என்ற பொருள் ஆய்வுகூடத்தில் புற்றுக் கலங்களைத் தாக்குவது உண்மை. மனிதருக்கு வந்த புற்றுநோயை அது சுகப்படுத்தியதாக நிரூபிக்கப்படவில்லை. ஹதீஸை லேபலில் போட்டு வைத்தியசாலைச் சிகிச்சைக்குப் பதிலாக விற்பவர், மார்க்கத்தின் பெயரைத் தன் சரக்குக்குப் பிணை வைக்கிறார். நோயாளி மௌத்தானால் கெட்டுப் போவது அவருடைய பெயர் மட்டுமல்ல.

இரண்டாவது மஞ்சள். அதிலுள்ள குர்குமின் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் வாயால் உட்கொள்ளும் குர்குமினில் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேர்கிறது. கறிக்கு மஞ்சள் நல்லது, புற்றுநோய்க்கு அது மருந்தென்று நிரூபணமாகவில்லை. இன்னொன்றையும் வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை வானத்துக்கு ஏறியபோது, மாவும் சாயமும் கலந்த தூள் சந்தையில் ஓடியது. சமையலுக்கே நம்ப முடியாமல் போன தூளை, நோயாளி ஒருவரை நாளுக்கு மூன்று வேளை கரண்டி கரண்டியாகக் குடிக்கச் சொல்வது எவ்வளவு பெரிய பொறுப்பு!

மூன்றாவது முள்ளு அன்னமுன்னா. சிங்களத்தில் கட்டு அனோதா என்பார்கள். கீமோ மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வலுவானது என்று இதைப்பற்றி ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைக்குக் கை மாறுகிறது. ஆய்வுகூடக் கண்ணாடிக் குழாயில் சில கலங்கள் மீது செய்த சோதனையைப் பெருக்கிச் சொன்ன கதை அது. மறுபக்கத்தை யாரும் அனுப்புவதில்லை. கரீபியன் தீவான குவாடலூப்பில், இந்தக் குடும்பத்துப் பழங்களையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து உட்கொண்டவர்களிடையே நடுக்குவாதம் போன்ற நரம்பு நோய் அதிகம் காணப்படுவதாக 1999 இல் மருத்துவர்கள் எழுதினார்கள். பழத்தை எப்போதாவது சாப்பிடுவதில் தவறில்லை. இலையை மருந்தென்று மாதக்கணக்கில் குடிப்பது வேறு விடயம்.

சுகமானவர் வருவார், மற்றவர் வரமாட்டார்

"இல்லை நானா, எனது கடையில் வாங்கிக் குடித்தவர் சுகமாகி வந்து சொன்னார்" என்று கூறும் வியாபாரிகளை நான் அறிவேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்கில் ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. வரவு மட்டும் எழுதி, செலவு எழுதாத பேரேட்டை வைத்துக்கொண்டு இலாபம் என்று சொல்லும் வியாபாரி உண்டா?

சுகமானவர் கடைக்கு வந்து சந்தோஷமாகச் சொல்வார். குடித்தும் குறையாதவர் வேறு கடைக்குப் போய்விடுவார். மௌத்தானவர் வரவே மாட்டார். அவருடைய பிள்ளைகளும் வந்து முறையிடுவதில்லை, அல்லாஹ்வின் நாட்டம் என்று பொறுத்துக் கொள்கிறார்கள். சுகமானவரிடம் கொஞ்சம் விசாரித்தால், ஆறு மாதம் முன்பு சத்திர சிகிச்சை நடந்திருக்கும், அல்லது கதிரியக்கச் சிகிச்சை முடிந்திருக்கும். கத்தி செய்த வேலைக்குப் போத்தல் பெயர் வாங்கிக் கொள்கிறது. சிலருக்கு வந்தது புற்றுநோயே அல்ல, சாதாரணக் கட்டியாக இருந்திருக்கும்.

இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வு அது. மார்பகம், புரொஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்து, உடலின் வேறு பாகங்களுக்குப் பரவாத நிலையில் இருந்தவர்களை எடுத்துக் கொண்டார்கள். வைத்தியசாலைச் சிகிச்சையை விட்டு மாற்று முறைகளை மட்டும் நம்பியவர்கள் 281 பேர். வழமையான சிகிச்சை பெற்றவர்கள் 560 பேர். மாற்று முறையை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் அது ஐந்து மடங்குக்கும் மேல். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் சுகப்படுத்தக்கூடிய நோயில்தான் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

போத்தலோடு போவது காலம்

எனக்குத் தெரிந்த ஒரு சில்லறை வியாபாரி. மனைவிக்கு மார்பில் சிறு கட்டி. ஆண் டொக்டர் பார்ப்பாரே என்ற கூச்சம், மார்பை எடுத்து விடுவார்களே என்ற பயம். அந்த நேரத்தில் யாரோ ஒரு பாணியைப் பற்றிச் சொன்னார்கள். மாதம் இரண்டு போத்தல். எட்டு மாதம் குடித்தார். வலி இல்லாததால் குறைகிறது என்று நம்பினார்கள். ஆரம்பத்தில் மார்பகக் கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. கடைசியில் மஹரகமைக்குக் கொண்டு போனபோது நோய் எலும்புக்குப் போயிருந்தது. மூன்று பிள்ளைகளின் தாய். ஜனாஸாவுக்கு நாங்களும் போனோம்.

அந்தப் போத்தல்களுக்குச் செலவான பணத்தை அவர் இரண்டு பெருநாள் வியாபாரத்தில் மீட்டு விடுவார். எட்டு மாதத்தை மீட்க வழியில்லை. பாணியில் நஞ்சு இருக்கவில்லை, வெறும் சீனிப்பாகும் மூலிகையும்தான் என்று விற்றவர் சொல்லலாம். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் விற்றது பாணியை மட்டுமல்ல, "இப்போதைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை" என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான்.

மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். தூரப் பிரதேசத்திலிருந்து மஹரகமைக்குப் போய்வரும் செலவு, கூட நிற்க ஆளில்லாமை, முடி கொட்டும் என்ற பயம், மொழிப் பிரச்சினை எல்லாம் இருக்கின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததும் உண்மை. இந்தக் கஷ்டங்கள் தீர வேண்டியவை. அவற்றைக் காட்டி வேறொன்றை விற்பது தீர்வாகாது.

இயற்கையான பொருள் என்றால் தீங்கற்றதா?

வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இயற்கையான பொருட்களே. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று இந்தச் சப்பல்தான். புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் அறிவித்தது. ஒரு தட்டில் வெற்றிலைக் கூறும், அடுத்த தட்டில் புற்றுநோய்த் தூளும் வைத்து விற்கும் கடையை நினைத்துப் பாருங்கள்.

சரக்குக் கொள்வனவு செய்பவர்கள் அறிய வேண்டிய இரண்டு சம்பவங்கள் உண்டு. முதலாவது பெல்ஜியத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலியச் சீன மூலிகை வில்லை கொடுத்தார்கள். சீன மொழியில் பெயர் ஒத்திருந்த இரண்டு வேர்களில், கேட்டது ஒன்று, வந்தது மற்றொன்று. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. அவர்களில் சிறுநீரகங்களை அகற்றிக் கொண்ட 39 பேரைப் பரிசோதித்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது 2000 இல் தெரியவந்தது. தவறி வந்த வேர் அரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்தது. நமது நாட்டில் சப்சந்த என்றும் ஈஸ்வரமூலி என்றும் சொல்லப்படுவதும் அதே இனந்தான்.

இரண்டாவது அமெரிக்காவில் நடந்தது. எட்டு மூலிகைகள் கொண்டதாகச் சொல்லப்பட்ட பிசி-ஸ்பெஸ் என்ற குளிசை, புரொஸ்டேட் புற்றுநோயாளரிடையே பெரும் பெயர் பெற்றிருந்தது. உண்மையிலேயே வேலை செய்கிறது என்று சில டொக்டர்மாரும் நம்பினார்கள். பரிசோதித்துப் பார்த்தால் உள்ளே இரத்தத்தை இளக்கும் வார்பரின் மருந்தும், செயற்கைப் பெண் ஹோர்மோனும் கலந்திருந்தன. 2002 இல் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. லேபலை நம்பி விற்ற கடைக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் வாங்கியவர் முதலில் வந்து நிற்பது கடைக்காரரிடந்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதும், பொருளின் பயன் பற்றிப் பொய்யான உரிமை கோருவதும் குற்றம். அது உற்பத்தியாளருக்கு மட்டுமல்ல, வர்த்தகருக்கும் பொருந்தும். மருந்துகளும், உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட பொருட்களும் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் கீழ் வருகின்றன. ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகியவற்றுக்கு 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 1954 இலிருந்தே புற்றுநோய்க்கு மருந்தென்று விளம்பரம் செய்யத் தடை. பிரித்தானியாவில் அந்தத் தடை 1939 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. ஆகவே அங்கிருந்து வரும் போத்தலில் எழுத முடியாததை இங்கே வாயால் சொல்லச் செய்கிறார்கள்.

ஒரு முறை எங்கள் கடைக்கும் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். நல்ல பண்பான தம்பி. போத்தலுக்கு நாற்பது வீத விலைக்கழிவு, விற்ற பிறகு காசு, பத்துக்கு ஒன்று இலவசம். "எந்தக் கென்சருக்கும் கொடுக்கலாம் நானா" என்றார். "சரி தம்பி, உங்கள் பில்லில் அந்த ஒரு வரியை எழுதி, கம்பனி முத்திரை வைத்துத் தாருங்கள்" என்றேன். சிரித்துவிட்டு, "அதெல்லாம் எழுத்தில் தர மாட்டார்கள் நானா, கடையில் நீங்கள் சொல்வதுதான்" என்றார். நாற்பது வீதம் எதற்கான கூலி என்பது அப்போது விளங்கியது. கம்பனி எழுதத் துணியாத பொய்யைக் கடைக்காரர் சொல்வதற்கான கூலி அது.

நாம் செய்யக் கூடியவை

நாட்டு மருந்து வியாபாரத்தைக் கைவிடச் சொல்லவில்லை. புறக்கோட்டை கெபோஸ் லேனிலிருந்து கிராமத்துக் கடை வரை எத்தனையோ குடும்பங்கள் அதில் ஹலாலாகப் பிழைக்கின்றன. கொத்தமல்லியும் இஞ்சியும் விற்போம், கருஞ்சீரகமும் விற்போம். வாக்குறுதியை மட்டும் விற்காதிருப்போம். அதற்குச் சில நடைமுறைகள்.

ஒன்று, பதிவு இலக்கம், தொகுதி இலக்கம், உற்பத்தியாளர் முகவரி இல்லாத மருந்துச் சரக்கை வாங்காதீர்கள். பிரதிநிதியின் வாய்ப்பேச்சை அவருடைய பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டு, கடையில் நிற்கும் பொடியன்மாருக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். "கென்சருக்கு எது நல்லது?" என்று யாராவது கேட்டால், "கென்சருக்கு எங்களிடம் மருந்தில்லை, டொக்டரைக் கேளுங்கள்" என்பதே பதில்.

மூன்று, சிகிச்சையில் இருப்பவர் மூலிகை கேட்டால், கிளினிக்கில் காட்டிவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். சில மூலிகைகள் இரத்தத்தை இளக்கும், சில கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கும். சுதேச வைத்தியம் செய்ய விரும்புபவரைப் பதிவு பெற்ற வைத்தியரிடம் அனுப்புங்கள். நல்ல ஹக்கீம் ஒருவர் கட்டியைப் பார்த்தால் தாமே முதலில் வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவார்.

நான்கு, ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, காரணமில்லாத இரத்தப்போக்கு, திடீர் மெலிவு என்று யாராவது சொன்னால் விற்பனையை நிறுத்தி வழியைக் காட்டுங்கள். அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை மட்டுமல்ல, கண்டி, யாழ்ப்பாணம் தெல்லிப்பழை, மட்டக்களப்பு, காலி, பதுளை போன்ற இடங்களிலும் சிகிச்சை உண்டு. பெண்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. கூச்சப்படும் தாய்மாருக்கு அதைச் சொல்ல நமது வீட்டுப் பெண்களால் முடியும்.

கோதுமைக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரமிருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் நபியவர்கள் கேட்ட சம்பவம் நம்மில் எல்லோருக்கும் பாடம். குறையை மறைத்து விற்ற தானியத்துக்கே அந்தக் கேள்வி என்றால், இல்லாத குணத்தை இருப்பதாகச் சொல்லி நோயாளிக்கு விற்ற போத்தலுக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

2016 இல் மஹரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேஷன் நிதி திரட்டியபோது, இன மத வேறுபாடின்றி நாட்டு மக்கள் சிறுகச் சிறுகப் பணம் கொடுத்தார்கள். நமது கடைத் தெருக்களிலிருந்தும் போனது. நோயைக் காலத்தோடு கண்டு சிகிச்சை செய்ய உதவும் இயந்திரத்துக்குக் கொடுத்த அதே கை, நோயாளியின் காலத்தைக் கடத்தும் போத்தலை நீட்டக் கூடாது. வர்த்தகச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தத்தமது கடைத் தெருவில் இதனை ஒரு பொது முடிவாக எடுத்தால், அடுத்த போத்தலோடு வரும் பிரதிநிதிக்குத் தெருவின் ஒவ்வொரு கடையிலும் ஒரே பதில் கிடைக்கும்.